கரூர் வரலாறு: 9-ஆம் வகுப்புக்கு இணையத்தில் மூல ஆவணங்கள் எங்கே தேடுவது?

அமராவதிக்கரை எழுதியது:

கரூர் மாவட்டம், அரசு உயர்நிலைப் பள்ளி, 9-ஆம் வகுப்பு, தமிழ்வழி. பாடநூலில் சேரர் வருகிறார்கள், சோழர் வருகிறார்கள். ஆனால் பிள்ளைகள் தினமும் நடந்துபோகும் ஊர் அதில் எங்கும் இல்லை. எனவே ஊரின் வரலாற்றை நான்கைந்து மூல ஆவணங்களை வைத்தே நடத்தலாம் என்று திட்டம். கல்வெட்டு, பழைய அரசு அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம் என எதுவானாலும் சரி. இலவசமாகவும் பள்ளி ஹைடெக் லேபிலோ கைப்பேசியிலோ திறக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும்.

"கரூர் வரலாறு" என்று தேடினால் ஒரே கட்டுரையைத்தான் பல தளங்கள் மாற்றி மாற்றிப் போட்டிருக்கின்றன. மூலம் எது என்று ஒருவரும் சொல்வதில்லை. திருச்சி மாவட்ட கெசட்டியரை (ஆங்கிலேயர் காலத்து அரசு மாவட்ட விவர நூல்) இறக்கிப் பார்த்தால் அதில் குளித்தலை இருக்கிறது, கரூர் இல்லை. ஏன் இப்படி? எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஏடு எழுதியது:

கெசட்டியரில் கரூர் இல்லாதது பிழையில்லை, டீச்சர். உங்கள் தேடலுக்குத் திறவுகோலே அதுதான். எந்த ஊரின் ஆவணத்தைத் தேடினாலும் முதலில் ஒரு தாளில், அந்த ஊர் எந்தக் காலத்தில் எந்த ஆட்சி எல்லைக்குள் இருந்தது என்று எழுதிக்கொள்ளவேண்டும். இதைச் செய்யாமல் தேடினால், இருக்கிற ஆவணமும் இல்லாததாகவே தெரியும்.

உங்கள் மாவட்டத்தின் கணக்கு இது. இன்றைய கரூர் மாவட்டம் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. ஆனால் கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் திருச்சிக்கு மாறியது. அரவக்குறிச்சி அப்போது கரூர் தாலுகாவுக்குள் அடக்கம். குளித்தலை தாலுகாவோ முன்பிருந்தே திருச்சியில் இருந்தது. ஆகவே நீங்கள் இறக்கிய திருச்சி கெசட்டியர் (ஹெமிங்வே, 1907) மாவட்டத்தின் கிழக்குப் பாதியைப் பற்றி மட்டும் பேசும். மேற்குப் பாதிக்கு நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு (1887) வேண்டும். குளித்தலைக்கு இன்னும் பழையது தேவையானால் மூர் எழுதிய திருச்சி கையேடு (1878) இருக்கிறது. இவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்னூலகத் தளத்தில் தேடவேண்டியவை.

பிற மாவட்டத்து ஆசிரியர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைச் சேர்த்து உருவானது. அதற்கு முந்தைய சிவகங்கையை மதுரைக் கையேட்டில் தேடுங்கள். திருவண்ணாமலை 1911 வரை தென்னாற்காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர், கேரளப் பக்கம். அவற்றுக்குச் சென்னை மாகாண ஆவணத்தில் தேடிப் பயனில்லை, திருவிதாங்கூர் சமஸ்தான வெளியீடுகளைப் பார்க்கவேண்டும். புதுக்கோட்டையும் தனி சமஸ்தானம். அதற்குத் தனிக் கையேடு, தனிக் கல்வெட்டுத் தொகுதி உண்டு.

அடுத்தது எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கரூரை ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் மட்டும் தேடாதீர்கள். 'சி'யில் தொடங்கியும், 'ரூ' ஒலிக்கு 'யு' ஒருமுறையும் இரட்டை 'ஓ' ஒருமுறையும் போட்டுத் தேடுங்கள். 1800-ஐ ஒட்டிய நூல்களில் 'சி'யும் இரட்டை 'ஓ'வும் சேர்ந்த வடிவம்தான் அதிகம். திருச்சிக்கு டிரிச்சினாப்பொலி, காவிரிக்குக் காவெரி என்று மூன்று நான்கு வடிவம். மாயனூர், நெரூர், புகளூர் போன்ற சிற்றூர்ப் பெயர்களைத் தேடுபெட்டியில் போடுவதைவிட, புத்தகத்தைத் திறந்து தாலுகாவாரியான அத்தியாயத்தைப் புரட்டுவதே விரைவு. கையேடுகளில் அது பெரும்பாலும் கடைசி அத்தியாயங்களில் இருக்கும்.

பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்க நீளமான கையேடு வேண்டாம். 'இம்பீரியல் கெசட்டியர்' 1908 பதிப்பின் 15-ஆம் தொகுதி கராச்சியில் தொடங்கிக் கோட்டயத்தில் முடியும். கரூர் அதற்குள் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் 26 தொகுதிகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சிறு பதிவு என்பதால் ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும். அதில் கரூர் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்றே இருக்கும். அது ஏன் என்ற கேள்வியோடு வகுப்பைத் தொடங்கலாம்.

கல்லெழுத்து எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் ஆங்கிலேயர் எழுதியவை. கரூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மூல ஆவணம் இருக்கும்போது அதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் புகளூர். வேலாயுதம்பாளையத்தை ஒட்டிய ஆறுநாட்டார் மலைக் குகைத்தளத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் சேரர் கல்வெட்டு இருக்கிறது. "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்" என்பது அதன் மையப் பகுதி. பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது யாற்றூர்ச் சமண முனிவருக்காக வெட்டிய படுக்கை. ஒரே வாக்கியம், மூன்று தலைமுறை. பிள்ளைகளே வம்சவரிசை வரைந்துவிடுவார்கள். இதையொத்த இன்னொரு பொறிப்பும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் குறிக்கச் சொல்லலாம். படத்துக்கும் விவரத்துக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் 'தகவலாற்றுப்படை' தளத்தில் தேடுங்கள். கோயில், தொல்லியல் இடம், கல்வெட்டு, நடுகல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டுகள். இவை 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியின் முதல் பகுதியில் (1899) உட்கல், மேல்பாடி, மணிமங்கலம், திருவல்லம் ஊர்களோடு சேர்ந்து வெளியானவை. உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். அந்த வரிசையில் முதல் மூன்று தொகுதிகளில்தான் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. 4-ஆம் தொகுதி தொடங்கிப் பின்வருபவை பெரும்பாலும் வெறும் மூலப் பாடம் மட்டுமே. கோயில் அங்கே 'திருவானிலை', ஊர் 'வெங்கால நாட்டுக் கருவூர்'. இந்தப் பெயர்களை அறியாமல் பசுபதீசுவரர் என்று தேடினால் கல்வெட்டுப் பாடத்துக்குள் ஒன்றும் அகப்படாது.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஆண்டு: கல்வெட்டில் வருவது ஆட்சியாண்டு. 'யாண்டு 4' என்றால் அரசன் பட்டமேறிய ஆண்டோடு 3 கூட்டவேண்டும், 4 அல்ல; ஏறிய ஆண்டே முதலாம் ஆண்டு. வீரராஜேந்திரன் பட்டமேறியது 1063 வாக்கில், ஆகவே அவனுடைய 4-ஆம் ஆண்டு 1066 வாக்கில். வெறும் 'கோப்பரகேசரி' அல்லது 'கோராஜகேசரி' என்று மட்டும் இருந்தால் அரசன் யாரென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சோழர்கள் அந்தப் பட்டங்களை ஒருவர்விட்டு ஒருவராக மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள்.

பெயர்: கொங்குப் பகுதிக்கே உரிய சிக்கல் இது, தஞ்சாவூர் ஆசிரியருக்கு வராது. 13-ஆம் நூற்றாண்டில் கொங்கை ஆண்ட கொங்குச் சோழர்களும் வீரராஜேந்திரன், குலோத்துங்கன் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். தஞ்சைச் சோழ மரபின் வீரராஜேந்திரனுக்கும் கொங்குச் சோழ வீரராஜேந்திரனுக்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதியைப் பாருங்கள்: 'திருவளர் திரள்புயத்து' என்றோ 'வீரமே துணையாகவும்' என்றோ தொடங்கினால் அது சோழப் பேரரசன் வீரராஜேந்திரன். இணையக் கட்டுரைகளில் இந்த இருவரையும் ஒருவராக்கிவிடுவது சாதாரணம்.

எழுத்து: அச்சிட்ட தொகுதியில் வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும். கைப்பேசி எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சாக மாற்றும் செயலி) அதைத் தமிழ் என்று எண்ணி வேறேதோ எழுதிவைக்கும். படத்தை அப்படியே காட்டிவிட்டு, கீழே நீங்களே தட்டச்சு செய்த பாடத்தைக் கொடுங்கள். பத்து வரி போதும். பிறகு வாசிப்பவர் கல்லோடு ஒப்பிட வசதியாகத் தொகுதி எண், கல்வெட்டு எண், வரி எண் மூன்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

தமிழ் மின்னூலகத்தில் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய இதழ்களும் இருக்கின்றன. அங்கேயும் கோவை, திருச்சி என இரண்டு பெயரிலும் தேடவேண்டும். ஆண்டறிக்கைகளில் (இந்தியக் கல்வெட்டுத் துறை வெளியிட்டவை) உங்கள் ஊர்ப் பெயர் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அவற்றில் இரண்டு மூன்று வரிச் சுருக்கம்தான் இருக்கும். அதிலுள்ள 'ஆண்டு, எண்' குறிப்பை வைத்துக்கொண்டு மூலப் பாடம் எந்தத் தொகுதியில் அச்சானது என்று மறுபடி தேடவேண்டும்.

அமராவதிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆறுநாட்டார் மலையையே முதல் பாடமாக வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் பற்றி எங்கள் பகுதிக்கான ஆவணம் என்ன இருக்கிறது? கையேட்டைப் புரட்டியபோது சாதிகளைப் பற்றிய பகுதி கண்ணில் பட்டது. படிக்கவே கூசுகிறது. அந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோகலாமா?

தாலுகா கணக்கு எழுதியது:

பஞ்சத்துக்கு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். சென்னை மாகாணத்தின் கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது (அகில இந்திய அட்டவணைகளில் அதையே 1872 என்று போட்டிருப்பார்கள், தேடும்போது இரண்டையும் பாருங்கள்). அடுத்தது 1881. இடையில்தான் பஞ்சம். இரு கணக்கிலும் கரூர் தாலுகாவின் மொத்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். வேறு விளக்கம் வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் மின்னூலகப் பகுதி இருக்கிறது, பழைய அறிக்கைகள் அங்கே இலவசம்.

மாவட்ட மொத்தத்தை மட்டும் ஒப்பிடவே கூடாது. 1901-இல் கரூர் கோவையில், 1911-இல் திருச்சியில். எல்லை மாறியது தெரியாமல் பார்த்தால் பத்தே ஆண்டில் திருச்சியில் மக்கள் பெருகிவிட்டதாகத் தோன்றும். தாலுகா அட்டவணைதான் நம்பத்தக்கது, அதுவும் அந்தத் தாலுகாவின் கிராமங்கள் மாறவில்லை என்று அடிக்குறிப்பைப் பார்த்த பிறகு. 1951 தொடங்கி மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் கிராமவாரி எண்ணிக்கை கிடைக்கும். 1961 கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்துக்குத் திருவிழாக்கள், கைத்தொழில்கள், தனிக் கிராம ஆய்வுகள் என்று தனி வெளியீடுகளே உண்டு. ஊர்த் திருவிழாவைப் பற்றி அரசு அச்சிட்ட குறிப்பைப் பிள்ளைகள் பாட்டியிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்து வரலாம். உங்கள் மாவட்டத்துக்குத் திருச்சித் தொகுதி.

பஞ்சத்தின் உள்விவகாரத்துக்கு ஒரு சோடி ஆவணம் சொல்கிறேன். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிரைத் தாங்காது, ஒன்றரைப் பவுண்டு (680 கிராம்) வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். இந்த கார்னிஷ்தான் 1871 கணக்கெடுப்பு அறிக்கையையும் எழுதியவர். இருவர் வாதத்திலிருந்தும் நான்கு நான்கு வரி எடுத்துத் தமிழில் கொடுங்கள். சத்துணவுக் கூடத்துத் தராசில் 450 கிராம் அரிசியை நிறுத்து மேசைமேல் வையுங்கள், பக்கத்தில் 680 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிய ஆளின் கூலி அது என்று சொன்னால் போதும், பிள்ளைகள் பேசுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பஞ்சப் புகைப்படங்களை வகுப்பில் காட்டவேண்டாம். எலும்புக்கூடான மனிதர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் அவை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதிர்ச்சிதான் மிஞ்சும், படத்திலிருப்பவருக்கும் அது மரியாதையில்லை.

சாதிப் பகுதியைப் பற்றி: புத்தகம் முழுவதையும் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அனுப்பாதீர்கள். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்றும் இழிந்தது என்றும் எழுதிய பக்கம், அந்தச் சமூகத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கப்படக்கூடாது. தேவையான பக்கத்தை மட்டும் படமாக வெட்டி அச்செடுங்கள். நீர்ப்பாசனம், விலைவாசி, சாலை, ரயில், நெசவு பற்றிய பகுதிகளிலேயே ஓராண்டுக்கு வேண்டியது இருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்கவைப்பது அவசியம். அதைப் புக்கனனைக் கொண்டு கேளுங்கள். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கட்டளைப்படி மைசூர், கொங்கு, மலபார் வழியே பயணம் செய்து மண், பயிர், நெசவு, வரி என்று கேட்டுக் கேட்டு எழுதியவர். மூன்று தொகுதி, 1807 வெளியீடு. கரூர்ப் பகுதி இரண்டாம் தொகுதியில். புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளையும், எவ்வளவு வரி தேறும் என்பதே கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கேள்வி. அது தெரிந்த பிள்ளை, அவர் ஏன் தறிகளை விசாரித்தார், எதை விசாரிக்காமல் விட்டார் என்று தானே கேட்கும்.

ஸ்கேன் கடை எழுதியது:

உள்ளடக்கத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். லேபில் உட்கார்ந்தபின் வரும் தொல்லைகளை மட்டும் சொல்கிறேன்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் சாதாரணத் தேடல் தலைப்பையும் குறிப்பையும் மட்டுமே பார்க்கும். தேடுபெட்டிக்குக் கீழே 'உள்ளடக்கத்தில் தேடு' என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதைச் சொடுக்கினால்தான் பக்கங்களுக்குள் தேடும். இந்திய மின்னூலகத் திட்டத்திலிருந்து ஏறிய நூல்களின் தலைப்பும் ஆண்டும் பல இடங்களில் தவறு. ஆசிரியர் பெயர் இல்லாமலும் இருக்கும். முகப்புத் தாளைப் பார்க்காமல் ஆண்டை எழுதாதீர்கள். ஒரே நூலுக்கு மூன்று நான்கு ஸ்கேன் இருந்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஒன்றில் பக்கம் விட்டிருக்கும், இன்னொன்றில் மடித்த வரைபடம் மடித்தபடியே கிடக்கும். கையேடுகளின் மாவட்ட வரைபடம் பின்னட்டையோரம் இருப்பதால் விடுபடுவது பெரும்பாலும் அதுதான்.

முகவரிப் பட்டையில் தெரியும் எண் பெரும்பாலும் ஸ்கேன் எண். அச்சிட்ட பக்க எண் அல்ல. பிள்ளைகள் குறிப்பெடுக்கும்போது அச்சுப் பக்கத்தையே எழுதப் பழக்குங்கள். இல்லாவிட்டால் வேறு ஸ்கேனில் அந்த இடம் கிடைக்காது.

முழு நூலின் பிடிஎஃப் மிகப் பெரியது. லேபில் இருபது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் இணைப்பு படுத்துவிடும். நீங்கள் முன்கூட்டி ஒரு தடவை இறக்கி, வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் பிரித்து, பென்டிரைவில் போட்டு எல்லாக் கணினியிலும் வைத்துவிடுங்கள். இணைப்பு இல்லாத நாளிலும் பாடம் நடக்கும். அச்செடுக்கக் கறுப்பு வெள்ளையில் மாறுபாட்டைக் கூட்டினால் மங்கிய பழுப்புத் தாள் தெளியும். ஆனால் கல்வெட்டுப் படத்தில் அப்படிச் செய்யாதீர்கள், கல்லின் கீறல் எழுத்தாகத் தெரிய ஆரம்பிக்கும்.

தமிழ் நூல்களில் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு (1978) முந்தைய றா, ணை, லை வடிவங்கள் இருக்கும். எழுத்துணரி அவற்றில் தடுமாறும், பிள்ளைகளும்தான். பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் காட்டும் சிறு அட்டை ஒன்றைத் தாளின் மூலையில் ஒட்டிவிடுங்கள்.

காப்புரிமையைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மேலே சொன்ன கையேடுகளும் 1951, 1961 கணக்கெடுப்புத் தொகுதிகளில் அந்த வரம்பைத் தாண்டியவையும் தாராளமாக அச்சிடலாம். அண்மைக்கால நூல்களின் ஸ்கேன் இணையத்தில் இருப்பதாலேயே இலவசம் ஆகிவிடாது.

பழைய ஏடு எழுதியது:

வரைபடம் விட்டுப்போயிற்று. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வரைபடத் தொகுப்பில் அமெரிக்க ராணுவ வரைபடத் துறை 1:2,50,000 அளவில் அச்சிட்ட இந்தியத் தாள்கள் இருக்கின்றன. கரூர், அமராவதி காவிரியோடு கலக்கும் இடம், ரயில் பாதை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அதில் ஒரு சென்டிமீட்டர் 2.5 கிலோமீட்டர் என்பதால் தெரு தெரியாது. அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து வைத்து, பழைய தாளில் ஏரி என்றிருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.

தமிழக அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் புலப்பட வரைபடமும் (சர்வே எண்வாரியான நில வரைபடம்) 'அ' பதிவேடும் (கிராம நிலங்களின் விவரப் பட்டியல்) கிடைக்கின்றன. நத்தம், புறம்போக்கு, வாய்க்கால், ஏரி என்ற வகைப்பாடு ஊரின் பழைய அமைப்பை நன்றாகக் காட்டும். பட்டாதாரர் பெயர் வரும் பக்கத்தை வகுப்பில் திறக்கவேண்டாம். அரசுப் புறம்போக்கு நிலத்தின் சர்வே எண்ணை மட்டும் நீங்கள் முன்பே எடுத்துவைத்து, அதன் வரைபடத்தைக் கொடுங்கள்.